ஒரு படுக்கையைச் சுற்றி ஏழு பேர்

மூட்டுவலி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தாத்தா பாட்டிதான். தைலம், வெந்நீர் ஒத்தடம், “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்ற பெருமூச்சு. எனக்கு வயது 20. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுப் பொறியியல் படிக்கிறேன். எனக்கு வந்திருப்பதும் மூட்டு நோய்தான். அதன் பெயர் முடக்கு வாதம். மருத்துவர்கள் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்பார்கள்.

சென்ற ஆண்டு இந்த நோய்க்காக ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் தங்கினேன். மருந்து கொடுத்து, வலி குறைந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அந்த ஒன்பது நாளில் ஏழு வெவ்வேறு துறையினர் என்னை வந்து பார்த்தார்கள். ஒரு நோய்க்கு ஏன் இத்தனை பேர் என்ற கேள்வி எனக்கு அப்போதே எழுந்தது. வீடு திரும்பிய பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அங்கு கண்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காவலாளியே கல்லெறிந்தால்?

நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் கிருமிகளைத் தாக்க வேண்டும். முடக்கு வாதத்தில் அது ஆள் தெரியாமல் நம் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. வீட்டுக் காவலாளி வீட்டுக்காரர் மீதே கல்லெறிவது போன்றது இது. சவ்வு வீங்கி, தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும்.

முதியோருக்கு மூட்டு தேய்வதால் வரும் வலி வேறு, இது வேறு. பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தொடங்கினாலும் எந்த வயதிலும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. புகைபிடிப்பது இந்நோய் வரும் அபாயத்தைக் கூட்டும் என்பதும் உறுதியாகியுள்ளது.

எனக்குத் தொடங்கியது விரல்களில். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு முஷ்டியை மடக்க முடியாது. பிறகு மணிக்கட்டு, அதன் பின் பாதங்கள். பூப்பந்து ஆடியதால் வந்த சுளுக்கு என்று ஒரு மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து வலது முழங்கால் பந்துபோல் வீங்கி, லேசான காய்ச்சலும் சேர்ந்து, படுக்கையிலிருந்து கழிவறைக்குக்கூட நடக்க முடியாத நிலையில்தான் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம்.

இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் தங்கும் தேவை ஏற்படுவதில்லை. வெளிநோயாளிகளாக வந்துபோனாலே போதும். என்னைத் தங்க வைத்ததற்குக் காரணம் அந்த முழங்கால். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்குள் கிருமித்தொற்று இருந்தால் சில நாள்களிலேயே மூட்டு பாழாகிவிடும். அதனால் முதல் நாளே ஊசியால் நீரை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று உறுதியானது. இரத்தப் பரிசோதனையும் கைகளின் எக்ஸ்ரேயும் முடக்கு வாதத்தை உறுதிப்படுத்தின.

வந்தவர்கள் யார்?

முதலாமவர் வாத நோய் நிபுணர். நோயின் பெயரைச் சொன்னதும் அவர்தான். அதற்கு முழுமையான குணம் கிடையாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னதும் அவர்தான். வீக்கத்தை உடனே தணிக்க ஸ்டீராய்டு. நோயின் வேரைக் கட்டுப்படுத்த மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை. இரண்டாவது மருந்து முழுமையாக வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள்வரை ஆகும். அதுவரை ஸ்டீராய்டு ஒரு பாலம் என்றார்.

இரண்டாமவர் மருந்தாளர். மெத்தோட்ரெக்சேட் தினமும் சாப்பிடும் மாத்திரை இல்லை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருந்துப் பையில் ‘வெள்ளிக்கிழமை’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும், கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் வேண்டும். இந்த மருந்து எடுக்கும்போது கருத்தரிக்கக் கூடாது என்பதை, அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, என்னிடம் தனியாக விளக்கினார். அந்தப் பக்குவம் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாமவர் வாத நோய்ப் பிரிவின் சிறப்புத் தாதி. மலேசியாவிலிருந்து வந்த தமிழர். என் பாட்டி மருத்துவமனைக்கே எண்ணெய்ப் புட்டியோடு வந்துவிட்டார். தாதி அவரைத் தடுக்கவில்லை. “பாட்டி, எண்ணெய் தடவறதுல தப்பில்ல. ஆனா வீங்கிச் சூடா இருக்கிற மூட்ட அழுத்திப் பிடிச்சு விடாதீங்க. உள்ள ஏற்கெனவே நெருப்பு எரியுது” என்றார். மருத்துவர் சொல்லியிருந்தால் பாட்டி கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். தாதி சொன்னதைக் கேட்டார்.

நான்காமவர் இயன்முறை சிகிச்சையாளர். மூன்றாம் நாளே என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம். “இவ்வளவு வீக்கத்தோட நடக்கச் சொல்றாங்களே, பிள்ளைக்கு வலிக்காதா?” அவர் பொறுமையாக விளக்கினார். முழங்கால் வீங்கினால் தொடையின் முன்தசை மிக விரைவில் மெலிந்துவிடும். தசை மெலிந்தால் மூட்டின் சுமை கூடும். சுமை கூடினால் வலி கூடும். வீக்கம் உள்ள மூட்டுக்கு ஓய்வு தேவை. அதைச் சுற்றியுள்ள தசைக்கு வேலை தேவை. முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி, பத்து எண்ணி விடுவதுதான் என் முதல் பயிற்சி. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் என்பது அடுத்த பாடம். எங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போக ஒரு மேம்பாலம் ஏற வேண்டும். அதையே என் இலக்காக எழுதிக்கொண்டார்.

ஐந்தாமவர் செயல்முறை சிகிச்சையாளர். கைகளால் செய்யும் அன்றாட வேலைகள் அவருடைய துறை. சட்டைப் பொத்தான் போடுவது, புட்டி திறப்பது, எழுதுவது என ஒவ்வொன்றையும் செய்து காட்டச் சொன்னார். இரவில் அணிய மணிக்கட்டுப் பட்டை ஒன்றை என் கைக்கு அளவெடுத்துச் செய்தார். பானையை விரல்களால் பிடிக்காமல் இரு உள்ளங்கைகளிலும் ஏந்து. புட்டி மூடியை விரலால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திருகு. பையைக் கையில் தூக்காமல் தோளில் மாட்டு. சிறிய மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டிடம் ஒப்படைப்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஆறாமவர் பாத சிகிச்சையாளர். காலையில் நடக்கும்போது செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் இருக்கிறதா என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லாத உணர்வு அது. பாதத்தின் முன்பக்கச் சிறு மூட்டுகள் வீங்கினால் அப்படித்தான் இருக்குமாம். காலணிக்குள் வைக்கும் மெத்தை ஒன்றுக்கு அளவெடுத்தார்.

ஏழாமவர் மருத்துவச் சமூக ஊழியர். அப்பா பேருந்து ஓட்டுநர். கட்டணத்தைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு புதியவர் வந்து போகும்போதும் “இதுக்கும் தனிக் கட்டணமா?” என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்பது என் காதில் விழுந்தது. சமூக ஊழியர் அவரை உட்கார வைத்து, மானியம், மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதிக் காட்டினார். முடக்கு வாதம் நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால் பின்னர் வெளிநோயாளியாக வரும்போதும் மெடிசேவைப் பயன்படுத்தலாம் என்றார். எவ்வளவு முயன்றும் கட்ட முடியாதவர்களுக்கு மெடிஃபண்டு இருப்பதையும் சொன்னார். அன்று இரவு அப்பா நன்றாகச் சாப்பிட்டார் என்று அம்மா சொன்னார்.

ஏழு பேர், ஒரே திட்டம்

ஏழு பேரும் தனித்தனியாக வந்து தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தால், என் தலையில் ஏழு அறிவுரைகள் மோதிக்கொண்டிருக்கும். அவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். என்னைப் பற்றிய கூட்டத்துக்குப் பிறகு நிபுணரும் தாதியும் வந்து கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?”

எனக்கு இன்னும் ஆறு வாரத்தில் வேலைப் பயிற்சி தொடங்கவிருந்தது. சர்க்யூட் பலகைகளில் ‘சால்டரிங்’ செய்யும் வேலை. அதற்கு விரல்கள் வேண்டும். இந்தப் படிப்பே வேண்டாம், அலுவலக வேலைக்கு ஏற்ற வேறு படிப்புக்கு மாறிவிடு என்று அம்மா சொல்லத் தொடங்கியிருந்தார். நான் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றேன்.

குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. பயிற்சியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது என்பது நிபுணரின் எண்ணம். செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார் செயல்முறை சிகிச்சையாளர். மறுநாள் சூடாக்காத ஒரு சால்டரிங் அயனை வரவழைத்தார். அதன் பிடியில் தடித்த நுரைக் குழாயைச் சுற்றினார். பிடி பருமனானால் விரல்கள் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. 20 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற கணக்கில் என்னைச் செய்ய வைத்து, முன்னும் பின்னும் வலியை 10க்கு எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகு நிபுணர் தம் முடிவை மாற்றினார். இரண்டு வாரம் தாமதமாகத் தொடங்கலாம் என்று தீர்மானமானது. சமூக ஊழியர் கல்லூரிக்குக் கடிதம் எழுதினார். இயன்முறை சிகிச்சையாளர் அதற்குள் மேம்பாலப் படிகளை முடிக்க வேண்டும் என்று பயிற்சி அட்டவணையை மாற்றினார். மருந்தாளர் ‘வெள்ளிக்கிழமை’ என்று எழுதியதற்கும் காரணம் இருந்தது. மறுநாள் வரக்கூடிய சோர்வும் குமட்டலும் வார இறுதியில் கழிந்துவிடும்.

ஒருவர் செய்ததை இன்னொருவர் அறிந்திருந்தார். எனக்குக் கிடைத்த சிகிச்சையில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பக்கத்துப் படுக்கை

என் வார்டில் இருந்த சீன மூதாட்டி ஒருவருக்கும் மூட்டு நோய். பல ஆண்டுகளாகத் தெரிந்தவர் மூலம் வாங்கிய, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தாராம். வலி பறந்துவிடுமாம். முகம் மட்டும் உப்பியிருந்தது. மருந்தாளர்தான் துருவித் துருவிக் கேட்டு அதை வெளியே கொண்டுவந்தார்.

இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. நீண்டகாலம் எடுத்தால் எலும்பு பலமிழக்கும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். அதனால் மூதாட்டிக்கு மருத்துவர்கள் கணக்கிட்டுப் படிப்படியாகக் குறைத்தார்கள். வீட்டில் யாராவது “அதிசய மாத்திரை” வைத்திருந்தால் அதை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்களே பிடுங்கி வீசிவிடாதீர்கள்.

படுக்கவைத்த காலம்

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நோய்க்கு உருப்படியான மருந்து இல்லை. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் தம் வாழ்வின் கடைசி 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்நோயோடு வாழ்ந்தார். விரல்கள் மடங்கிப்போன பின் மற்றவர்கள் தூரிகையை அவர் கையில் வைத்துக் கொடுக்க, 1919ல் இறக்கும்வரை ஓவியம் தீட்டினார். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முதன்முதலாக முடக்கு வாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர் சில நாள்களில் நடந்தார். 1950ல் ஹென்ச்சுக்கும் மேலும் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அதன் பக்கவிளைவுகள் பின்னர்தான் தெரியவந்தன.

நல்ல மருந்துகள் குறைவாக இருந்த அக்காலத்தில் நோயாளிகளை வாரக் கணக்கில் மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். ஃபின்லாந்தின் ஹெய்னோலா நகரில் வாத நோய்க்கென்றே 1951ல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவர், அறுவை நிபுணர், சிகிச்சையாளர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் பணியாற்றும் முறைக்கு அது பெயர் பெற்றது.

இந்த முறை உண்மையில் பலன் தருகிறதா? நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் நோய் தீவிரமாக இருந்த 80 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 11 நாள் மருத்துவமனையில் தங்கிப் பல துறைக் குழுவின் சிகிச்சை பெற்றனர். மற்றவர்கள் வழக்கம்போல் வெளிநோயாளிகளாக வந்து போனார்கள். தங்கியவர்களுக்கு நோயின் தீவிரம் அதிகம் குறைந்தது. ஈராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் தெரிந்தது. முதல் முடிவுகள் 1996ல் வெளியாயின.

அதே குழுவினர் பின்னர் 210 பேரை வைத்து இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். தங்கிப் பெறும் சிகிச்சை, பகல்நேரம் மட்டும் வந்துபோகும் சிகிச்சை, ஒரு சிறப்புத் தாதி ஒருங்கிணைக்கும் சிகிச்சை ஆகிய மூன்றில் எது சிறந்தது? நோயாளிகளின் செயல்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. செலவு மிகக் குறைந்தது தாதி வழிச் சிகிச்சையில்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு விளங்கியது இது: பல துறையினர் ஒரு திட்டத்துக்காக உழைப்பதும், அதை ஒருவர் கையில் எடுத்து ஒருங்கிணைப்பதும் முக்கியம். படுக்கை எல்லாருக்கும் தேவையில்லை. என்னைப்போல் நடக்கவே முடியாதவர்களுக்கு, நோயைச் சரியாகக் கண்டறிய வேண்டியவர்களுக்கு, அது தேவை. ஜெர்மனியில் இன்றும் இதற்கெனத் தனிச் சிகிச்சை முறை இருக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 11 மணி நேரமாவது இயன்முறை, செயல்முறை போன்ற சிகிச்சைகள் தரப்பட வேண்டும் என்பது அங்கே விதி.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேளையில்

மருத்துவத் துறை என்றால் மருத்துவர் ஆவது மட்டுமே என்று நம் பெற்றோர்களில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். மதிப்பெண் போதவில்லை என்றால் அந்தக் கனவையே மூட்டைகட்டிவிடுகிறோம். என் மணிக்கட்டைக் காப்பாற்றியவர் செயல்முறை சிகிச்சையாளர். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் செயல்முறை சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் பட்டப்படிப்புகளாக உள்ளன. தாதிமையைப் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். மருந்தியலும் சமூகப் பணியும் பல்கலைக்கழகப் படிப்புகள்தாம். என் பாட்டியிடம் தமிழில் பேசி அவரை ஒப்புக்கொள்ள வைத்த தாதியைப்போல், முதியோரிடம் அவர்கள் மொழியில் பேசக்கூடியவர்கள் இத்துறைகளில் எத்தனை பேர் இருந்தாலும் போதாது.

இன்று

வேலைப் பயிற்சியை முடித்துவிட்டேன். எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மணிக்கட்டு மீண்டும் வீங்கியது. சிறப்புத் தாதியைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு நாள் பட்டை அணிந்து, மேற்பார்வையாளரிடம் சொல்லிச் சோதனைப் பிரிவுக்கு மாறினேன். ஸ்டீராய்டு நின்றுவிட்டது. மாத்திரை தொடர்கிறது. இது போதாமல் போனால் உயிரியல் மருந்துகள் உள்ளன. விலை கூடியவை, அவற்றுக்கும் உதவி கேட்க வழியுண்டு என்று சமூக ஊழியர் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். சில நாள்களில் காரணமே இல்லாமல் உடல் அடித்துப்போட்டாற்போல் சோர்ந்துவிடும். அது சோம்பல் இல்லை, நோயின் ஒரு பகுதி என்பதை நண்பர்களுக்குப் புரியவைக்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் விரல்களோ பாதங்களோ அரை மணி நேரத்துக்கும் மேலாக இறுகிக் கிடந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் வீங்கி வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். வாத நோய் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரை கேளுங்கள். முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கினால் எலும்பு அரிப்பைப் பெருமளவு தடுக்கலாம். அரித்த எலும்பு பழையபடி வளராது. “இந்த வயசுல மூட்டுவலியா?” என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் நேரம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்.